ஆகாஷ்: விலை தெரிந்தது, தமிழ் தெரியவில்லை

எந்த டேப்லட்டைப் புதுசா அறிவிச்சாலும் நம்ம ஆளுங்க முதல்ல கேட்கிறது "எவ்வளவு?" ரெண்டாவது, "இ.எம்.ஐ. உண்டா?" மூணாவதா ஒரு கேள்வி இருக்கு. அதை யாரும் கேட்கிறதில்லை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லைன்னு முதல்லயே சொல்லிடறேன். விருதுநகர்ல பி.காம். முடிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, டிரான்ஸ்ஃபர்ல நாலு மாநிலம் சுத்தி, இப்போ அகமதாபாத்ல குடியிருக்கேன். புராசஸர், ராம் பத்தியெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆனா ஒரு விண்ணப்பத்தை எப்படிப் பார்க்கணும்னு தெரியும். கடன் கேட்டு வர்றவர்கிட்ட நாங்க தொகையை அப்புறமாத்தான் பேசுவோம். முதல் கேள்வி "பணம் எதுக்கு?" டிராக்டருக்குன்னா நிலம் எவ்வளவு இருக்குன்னு கேட்போம். கடை வைக்கன்னா எந்தத் தெருன்னு கேட்போம். கொடுத்த பிறகும் விட மாட்டோம். மூணு மாசம் கழிச்சு நேர்ல போய், டிராக்டர் கொட்டகையில நிக்குதா, இல்லை பொண்ணு கல்யாணப் பந்தியில சாப்பாடா மாறிடுச்சான்னு பார்ப்போம். இதுக்கு எங்க பாஷையில 'எண்ட் யூஸ்' பார்க்கிறதுன்னு பேர். வாங்கின காரியத்துக்குத்தான் பணம் போச்சான்னு பார்க்கிறது.

டேப்லட்டுக்கும் கேட்க வேண்டிய மூணாவது கேள்வி அதேதான். எதுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காம ஒரு நாடே கைதட்டின நாள் 2011 அக்டோபர் 5. அன்னிக்குத்தான் டெல்லியில அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லட்டை வெளியிட்டார். ஐஐடி ராஜஸ்தான் பொறுப்பு, டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரிப்பு. அரசாங்கம் வாங்கற விலை 2,276 ரூபாய். மாணவர்களுக்கு அதுலயும் மானியம். அதே வருஷம் ஜனவரி கடைசியில ஐபேட் இந்தியாவுக்கு வந்தப்போ ஆரம்ப விலை 27,900 ரூபாய். அதாவது ஒரு ஐபேட் காசுக்கு 12 ஆகாஷ். கேட்கவா வேணும்? மறுநாள் பேப்பர் முழுக்க 'உலகத்திலேயே மலிவான டேப்லட்'தான்.

அப்போ நான் மத்தியப் பிரதேசத்துல ஒரு சின்ன ஊர்க் கிளையில இருந்தேன். மத்தியான டீ நேரத்துல இதே பேச்சு. கேஷியர், கிளார்க், பாஸ்புக் என்ட்ரி போட வந்த வாத்தியார்னு எல்லாரும் விலையையே பேசினாங்க. அந்த ஊர்ப் பசங்க படிச்சதெல்லாம் ஹிந்தி மீடியம். அவங்க பாடம் அதுல தெரியுமான்னு ஒருத்தரும் கேட்கலை.

அறிவிப்புல சொன்ன விவரங்களை ஒரு விண்ணப்பம் மாதிரி பார்ப்போம். 7 இஞ்ச் திரை. விரல் பட்டா போதாது, அழுத்தணும், ரெசிஸ்டிவ் வகை. 366 மெகாஹெர்ட்ஸ் புராசஸர், 256 எம்.பி. ராம், ரெண்டு யூஎஸ்பி துவாரம், எடை சுமார் 350 கிராம், ஆண்ட்ராய்டு 2.2. இணையத்துக்கு வைஃபை மட்டும்.

இதுல என் கண்ணுல படறது கடைசி ரெண்டு வரிதான். முதல்ல வைஃபை. 2011-ல எந்த மாணவன் வீட்டுல வைஃபை இருந்தது? டாங்கிள் வாங்கிச் செருகணும். மாசம் 250 ரூபாய்க்கு டேட்டா போட்டா வருஷத்துக்கு 3,000. முதல் வருஷமே டேட்டா செலவு சாமான் விலையைத் தாண்டிடும். பி.காம். முதல் வருஷத்துல சொல்லிக் கொடுக்கிற விஷயம்தான் இது: வாங்கின விலை வேற, அடக்கச் செலவு வேற. மேடையில சொன்னது முதலாவதை மட்டும்.

அடுத்தது அந்த ஆண்ட்ராய்டு 2.2. பலர் கவனிக்காம விட்ட வரி இது. அந்தப் பதிப்போட தமிழ் எழுத்துரு கூட வரவே இல்லை. ஹிந்திக்கும் அதே கதிதான். அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு போன்ல தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுத்து இருக்க வேண்டிய இடத்துல வரிசையா கட்டம் கட்டமா தெரியும். அப்புறம் யாரோ ஓபரா மினியில ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. செட்டிங்க்ஸுக்குள்ள போய் ஒண்ணை மாத்தினா, எழுத்தைப் படமா ஆக்கிக் காட்டும். வெளியூர்ல இருந்த நம்மள மாதிரி ஆளுங்க ரொம்ப நாள் தமிழ் படிச்சது அந்தப் படத்துலதான். படிக்கலாம், சரி. எழுத? அதுக்குத் தனியா எங்கயாவது ஆப் தேடணும். ஆகாஷ்ல கூகுளோட ஆண்ட்ராய்டு மார்க்கெட்கூடக் கிடையாது, கெட்ஜார்தான்.

இந்திய அரசாங்கம், இந்திய மாணவருக்காக, இந்தியப் பெயர் வெச்சு அறிவிச்ச ஒரு கருவி. அதோட மென்பொருள் அடித்தளத்துல இந்திய மொழி எழுத்து இல்லை. விலையில ரூபாய் ரூபாயா குறைச்சவங்க, இதை ஒரு குறையாவே எண்ணினதாத் தெரியலை. கடன் விண்ணப்பமா வந்திருந்தா நான் கேட்டிருப்பேன்: "ஐயா, டிராக்டர் சரி, மலிவுதான். உங்க வயல்ல இது இறங்குமா?"

"தமிழ் கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கே நாள் ஆச்சு, டேப்லட்டுக்கு உடனே வருமா?"ன்னு சிலர் சொல்வாங்க. அதுதான் இல்லை. சென்னை தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரிச்சது 1999-ல. விண்டோஸ் 2000-ல யூனிகோட் தமிழும் லதா எழுத்துருவும் கூடவே வந்தாச்சு. முத்து நெடுமாறனோட செல்லினம் 2005-லயே சாதாரண ஜாவா போன்ல தமிழ் குறுஞ்செய்தி அனுப்ப வெச்சது. இணையத்துல தமிழ்ல எழுதித் தள்ளின கூட்டமே இருந்தது. அதுக்கெல்லாம் அப்புறம்தான் 2011. ஆக, தமிழ் தாமதமா வரலை. வந்து உட்கார்ந்திருந்த தமிழை, புதுச் சாமான் வாசல்ல நிறுத்தி வெச்சது.

ஆகாஷை மட்டும் குத்தம் சொல்லக் கூடாது. பணக்கார வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான். ஐபேட்டை ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவிச்சது 2010 ஜனவரி 27. மேடையில ஒரு சோபா போட்டு, அதுல சாஞ்சு உட்கார்ந்து இயக்கிக் காட்டினார். பேப்பர் படிக்கலாம், படம் பார்க்கலாம், போட்டோ தள்ளலாம். அந்த சாஞ்ச கோலமே இது எதுக்கான சாமான்னு சொல்லிடுச்சு. பார்க்கறதுக்கு. எழுதறதுக்குன்னா மேஜையில நிமிர்ந்து உட்கார்ந்து காட்டியிருப்பார். அதுல தமிழ் விசைப்பலகை கூடவே வந்தது ஐஓஎஸ் 7-ல, 2013 செப்டம்பர்ல. அறிவிப்புலருந்து மூணரை வருஷத்துக்கு மேல. 2,276 ரூபாயோ 27,900 ரூபாயோ, முதல் பார்வையில ரெண்டுக்கும் நம்ம எழுத்து ஒரு பொருட்டே இல்லை.

இதுக்கு நேர் எதிரா அதே சமயத்துல நம்ம ஊர்ல ஒண்ணு நடந்தது. ஆகாஷுக்கு மூணு வாரம் முன்னாடி, 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள்ல, ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஆரம்பிச்சு வெச்சாங்க. அரசியலை விடுங்க. சாமானை மட்டும் பாருங்க. முழு கீபோர்டு. விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ரெண்டுலயும் தமிழ் தெரியும், தமிழ்ல டைப் அடிக்கலாம். சிவகாசிப் பக்கம் ஒரு பிளஸ் டூ பையன் அதுல சினிமாப் படமும் பார்த்திருப்பான், மறுக்கலை. ஆனா என்னிக்காவது ஒரு லெட்டர் அடிக்கணும்னு தோணினா சாமான் குறுக்கே நிக்காது. செலவு ஆகாஷைவிடப் பல மடங்குதான். ஆனா 'எதுக்கு?'ங்கிற கேள்விக்கு அதுக்கிட்ட பதில் இருந்தது.

ஆகாஷ் அப்புறம் என்ன ஆச்சு? சோதனை விதிகள்ல ஐஐடி ராஜஸ்தானுக்கும் நிறுவனத்துக்கும் தகராறு. மழையில நனைஞ்சாலும் தாங்கணுமா வேண்டாமான்னெல்லாம் பேச்சு ஓடிச்சு. 2012-ல பொறுப்பு ஐஐடி பம்பாய்க்குப் போச்சு. 2012 நவம்பர் 11 அன்னிக்கு ஆகாஷ்-2-ஐ அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். அது நிஜமாவே நல்ல முன்னேற்றம். தொட்டா போதும்ங்கிற திரை, 1 கிகாஹெர்ட்ஸ் புராசஸர், ராம் ரெண்டு மடங்கு, ஆண்ட்ராய்டு 4. விலையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா முதல்ல உண்டான அபிப்பிராயம் போகலை. 2015-ல திட்டத்தையே மூடிட்டாங்க. இத்தனைக்கும் இதுக்கு முன்னாடியே ஒரு பாடம் இருந்தது. 2009 பிப்ரவரியில திருப்பதியில '10 டாலர் லேப்டாப்'னு பெரிய எதிர்பார்ப்போட ஒண்ணைக் காட்டினாங்க. பார்த்தா அது லேப்டாப்பே இல்லை, பாடங்களைச் சேமிச்சு வைக்கிற கருவி. அப்பவும் முதல்ல வெளிய வந்தது விலைதான், சாமான் இல்லை.

விலையை முதல்ல முடிவு பண்ணிட்டு சாமானைப் பின்னாடி செய்யற எந்த விஷயத்துலயும் இதான் நடக்கும். நான் ஒண்ணும் டெக்னாலஜி சொல்லலை. பட்ஜெட் சின்னதா இருக்கும்போது எதை வெட்டறோம்ங்கிறதுலதான் நமக்கு எது முக்கியம்னு வெளிய தெரியும். அவங்க வெட்டினது நம்ம எழுத்தை. அதுவும், வெட்டறோம்ங்கிற நினைப்பே இல்லாம.

சரி, இதெல்லாம் பழைய கதை. இன்னிக்கு நிலைமை என்ன? கடையில 10,000 ரூபாய்ச் சுமாருக்கு வாங்கற டேப்லட்லகூடத் தமிழ் பளிச்சுன்னு தெரியுது. 2015-ல கூகுள் கையெழுத்து வசதி வந்தது. விரலால 'அ' போட்டா 'அ'ன்னு எடுத்துக்கும். 2017-லருந்து பேசினாலே தமிழ்ல எழுதிடுது. தமிழ்99 வேணுமா, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழா மாத்தணுமா, எல்லாம் இருக்கு. வாசல்ல நின்ன தமிழ் உள்ள வந்து நடுக்கூடத்துல உட்கார்ந்தாச்சு. அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இங்கதான் நம்ம வீட்டுக் கதை வருது.

நம்மள மாதிரி ஊரை விட்டு வந்த குடும்பங்கள்ல டேப்லட் வாங்கறப்போ சொல்ற காரணத்தைக் கவனிச்சிருக்கீங்களா? "ஸ்கூலுக்கு வேணும்" முதல் காரணம். "குழந்தை தமிழ் கத்துக்கட்டும்" ரெண்டாவது. நிறைய வீட்டுல கேட்டிருக்கேன். தமிழ்ப் பாட்டு ஆப், அகரவரிசை ஆப் எல்லாம் முதல் வாரம் இறக்குவாங்க. நாங்க டிராக்டரைப் பார்க்கப் போற மாதிரி மூணு மாசம் கழிச்சுப் போய்ப் பாருங்க. யூடியூப்ல ஹிந்தி கார்ட்டூன் ஓடிட்டிருக்கும். எங்க பாஷையில இதுக்குப் பேர் நிதியைத் திசை திருப்பறது. பேங்க்ல இது நடந்தா நோட்டீஸ் அனுப்புவோம். வீட்டுல யாருக்கு அனுப்ப?

குழந்தையைக் குத்தம் சொல்லிப் பயனில்லை. பார்க்கறதுக்குன்னு செஞ்ச சாமானைக் கையில குடுத்தா பார்க்கத்தான் செய்யும். தமிழ்ப் பாட்டையே பார்த்தாலும்கூட, காதுதான் தமிழ் கத்துக்குது. கை கத்துக்கறதில்லை. நம்ம பிள்ளைங்க தமிழ்ல ஒரு விசித்திரமான இடத்துல நிக்கறாங்க. பாட்டிகிட்ட போன்ல நல்லா பேசுவாங்க. "சாப்பிட்டீங்களா பாட்டி?"ன்னு ஊர் வழக்குலயே கேட்பாங்க. ஆனா பஸ் போர்டு படிக்கத் தெரியாது. இங்க பள்ளிக்கூடத்துல குஜராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ்னு மூணு எழுத்து கத்துக்கறாங்க. நாலாவதா நம்ம எழுத்துக்கு இடம் இல்லை.

"பேசத் தெரிஞ்சா போதாதா? எழுதி என்ன செய்யப் போறாங்க?"ன்னு கேட்கிறவங்களுக்கு என் மேஜையில நடந்த ஒண்ணைச் சொல்றேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பையன் வந்தான். முப்பது வயசு இருக்கும். இங்கயே பிறந்து வளர்ந்தவன், நல்ல வேலை. என்கிட்ட சுத்தத் தமிழ்லதான் பேசினான். கையில ஒரு பிளாஸ்டிக் கவர். அப்பா தவறிட்டார். ஊர்ல கொஞ்சம் நிலம். கவருக்குள்ள பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா நகல், வில்லங்கச் சான்று. "அங்கிள், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்"னான். அவங்க தாத்தா பேர், அப்பா பேர், வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வாய்க்கால், எல்லாம் அதுல இருக்கு. அவன் எம்.பி.ஏ. அவனால அவன் தாத்தா பேரை அந்தக் காகிதத்துல கண்டுபிடிக்க முடியலை.

நான் படிச்சுச் சொன்னேன். ஆனா எல்லா ஊர்லயும் எல்லாக் கிளையிலயும் ஒரு தமிழ் ஆபீசர் இருக்க மாட்டான். பக்கத்துல இருக்கிறது ஒரு புரோக்கராவும் இருக்கலாம். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி"ன்னு அவன் சொன்னா என்ன செய்வான்? மொழிப்பற்று, பண்பாடு இதையெல்லாம் விட்டுடுங்க. கணக்குப்பிள்ளையா மட்டும் பேசறேன். தன் சொத்துப் பத்திரத்தைத் தானே படிக்கத் தெரியாதவன் அடுத்தவன் கண்ணை நம்பித்தான் இருக்கணும். "போனைக் காட்டினா மொழிபெயர்த்துச் சொல்லிடுமே"ன்னு சொல்வீங்க. அச்சடிச்ச எழுத்தை ஓரளவு சொல்லும். பத்திர எழுத்தர் 1970-கள்ல கையால எழுதின 'மேற்படி'யையும் 'ஷை'யையும் அதுக்கிட்ட காட்டிப் பாருங்க, அப்புறம் பேசுவோம் :-)

பள்ளிக்கூடம் பார்த்துக்கும்னும் இருக்க முடியாது. டெல்லிக்காரங்களுக்குத் தமிழ்க் கல்விக் கழகத்தோட பள்ளிகள் இருக்கு, கொடுத்து வெச்சவங்க. இங்க அகமதாபாத் மணிநகர்ல பல தலைமுறையா ஒரு தமிழ்ப் பள்ளி இருந்தது. ஆலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்களோட பிள்ளைங்க படிச்ச இடம். பிள்ளைங்க குறைஞ்சு போச்சுன்னு 2020 செப்டம்பர்ல மூடிட்டாங்க. அப்போ தமிழக முதல்வரா இருந்த எடப்பாடி பழனிசாமி, செலவைத் தமிழ்நாடு ஏத்துக்கும்னு குஜராத் முதல்வருக்குக் கடிதமே எழுதினார். பெற்றோரும் போராடினாங்க. இருந்தாலும், வகுப்புல உட்காரப் பிள்ளைங்க குறையக் குறைய, எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கஷ்டம்தான்.

ஆக, நம்ம பிள்ளைங்க தமிழ் எழுத்தைப் பார்க்கப் போற இடம் பெரும்பாலும் ஒண்ணுதான். அந்த 10 இஞ்ச் திரை. அதனாலதான் ஒரு டேப்லட் அறிவிப்பை நாம மத்தவங்க மாதிரி பார்க்க முடியாது. சென்னையில இருக்கிறவனுக்கு அது இன்னொரு சாமான். அவன் பிள்ளை தெருவுல இறங்கினா டீக்கடை போர்டு, சுவரொட்டி, பஸ்ஸுன்னு எல்லாமே பாடம். நமக்கு அந்தத் தெரு கிடையாது. அந்தத் திரையைத்தான் தெருவா ஆக்கிக்கணும்.

தமிழ்நாட்டுல 2025-26 பட்ஜெட்ல, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல கைக்கணினி அல்லது மடிக்கணினி, விருப்பப்படி எதுவோ ஒண்ணு தர்றதா அறிவிச்சாங்க. என் அக்கா பையன் அதைக் கேட்டுட்டு "மாமா, எதை எடுக்கலாம்?"னு போன் பண்ணினான். கீபோர்டு இருக்கிறதை எடுறான்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். வெளி மாநிலத்துல படிக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு அந்தத் திட்டம் கிடையாது. நாம நம்ம காசுல வாங்கறவங்க. அதனால நமக்கு ஒரு சௌகரியம், என்ன வாங்கணும்னு நாமே கேள்வி கேட்கலாம்.

நான் கேட்கச் சொல்றது மூணு விஷயம்.

ஒண்ணு, இதுல எழுத என்ன இருக்கு? பேனா கூடவே வருதா, தனியா வாங்கணுமா? கீபோர்டு கவர் கிடைக்குமா, அதையும் சேர்த்தா மொத்தம் எவ்வளவு? அறிவிப்புல சொல்ற விலை பெரும்பாலும் பலகைக்கு மட்டும். பார்க்கறதுக்கான விலை அது. எழுதறதுக்கான விலை அதுக்கு மேல. ரெண்டையும் கூட்டிப் பார்த்துட்டு மலிவா இல்லையான்னு முடிவு பண்ணுங்க.

ரெண்டு, மூணாவது வருஷம் யார் பொறுப்பு? மென்பொருள் எத்தனை வருஷம் புதுப்பிப்பாங்க, உங்க ஊர்ல பேட்டரி மாத்திக் குடுக்க ஆள் இருக்கா? நம்மள மாதிரி டிரான்ஸ்ஃபர் குடும்பத்துக்கு இது முக்கியம். இன்னிக்கு அகமதாபாத், நாளைக்கு அசாம். இதைக் கேட்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஆகாஷ் திட்டமே உதாரணம். 2011-ல அறிவிப்பு, 2015-ல மூடல். எங்க அளவுகோல்படி ஒரு டூவீலர் லோனே அதைவிட நாள் ஓடும்.

மூணு, வீட்டுல யார் பக்கத்துல உட்காரப் போறீங்க? இதை அறிவிக்கிறவங்ககிட்ட கேட்க முடியாது, நம்மளையே கேட்டுக்கணும். எங்க வீட்டுல தங்கமணி ஒரு வழி வெச்சிருக்காங்க. என் பொண்ணுக்கு இப்போ 12 வயசு. ஞாயித்துக்கிழமை காலையில டேப்லட்டைத் தொடணும்னா முதல்ல தாத்தாவுக்குத் தமிழ்ல நாலு வரி எழுதி அனுப்பணும். மைக்கைத் தொடக் கூடாது, விரலால எழுதணும். ஆரம்பத்துல ஒரு வரிக்கு இருபது நிமிஷம் ஆச்சு. 'ற'வும் 'ர'வும் இன்னிக்கும் இடம் மாறித்தான் நிக்கும். 'ழ' போட்டா மெஷின் 'மு'ன்னு எடுத்துக்கிட்டு அவளைக் கடுப்பேத்தும். தாத்தா ரிட்டையர்டு வாத்தியார். தப்பையெல்லாம் திருத்தி, மதிப்பெண் போட்டு, போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்புவார். போன வாரம் பத்துக்கு ஆறரை. அந்த அரை மதிப்பெண்ணுக்கு ரெண்டு பேருக்கும் போன்ல அரை மணி நேரம் சண்டை.

மைக் வேண்டாம்னு சொல்றது பழமைவாதம் இல்லை. குரலால எழுதறது எனக்கும் உனக்கும் வசதி, ஏன்னா வந்த எழுத்து சரியான்னு படிச்சுப் பார்க்க நமக்குத் தெரியும். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு, வந்தது 'பள்ளி'யா 'பல்லி'யான்னு எப்படித் தெரியும்? கால்குலேட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி வாய்ப்பாடு சொல்லிக் குடுத்த மாதிரிதான் இதுவும்.

இன்னும் கொஞ்சம் முறையா கத்துக் குடுக்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கு. 2001-ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு ஆரம்பிச்சது. வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைங்களை மனசுல வெச்சே அடிப்படை, இடைநிலை, மேல்நிலைன்னு சான்றிதழ்ப் படிப்பு வெச்சிருக்காங்க. எழுத்துலருந்து ஆரம்பிக்கலாம். டேப்லட் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அதனால நான் சொல்றேன்.

ஆகாஷ் மேல எனக்குக் கோபம் இல்லை. ஏழை வீட்டுப் பையன் கையிலயும் ஒண்ணு இருக்கட்டும்னு நினைச்சது நல்ல எண்ணம்தான். ஆனா நல்ல எண்ணத்துக்கு நாங்க லோன் குடுக்கறதில்லை. எதுக்குன்னு கேட்டு, அதுக்கு ஆகுமான்னு பார்த்துத்தான் குடுப்போம். அந்தக் கேள்வியை 2011-ல கேட்டிருந்தா, பெட்டிக்குள்ள எழுத்துருவும் சேர்ந்தே வந்திருக்கும். எழுத்துரு ஒண்ணும் சுமை இல்லை, ஒரு சின்ன ஃபைல்தான். அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த டேப்லட் அறிவிப்பு எப்படியும் வரும். தீபாவளிக்கோ பள்ளி திறக்கறப்போவோ கடைக்குப் போவீங்க. விலையைக் கேளுங்க, பேரம் பேசுங்க, கேஷ்பேக் இருக்கான்னு பாருங்க, தப்பே இல்லை. ஆனா பில் போடறதுக்கு முன்னாடி, டெமோவுக்கு வெச்சிருக்கிற சாமானைப் பிள்ளை கையில குடுங்க. தன் பேரையும் தாத்தா ஊர் பேரையும் தமிழ்ல எழுதச் சொல்லுங்க. சாமானுக்குத் தெரியுதா, பிள்ளைக்குத் தெரியுதா, ரெண்டும் அங்கயே தெரிஞ்சிடும். சாமானுக்குத் தெரியலைன்னா வேற சாமான் பாருங்க. பிள்ளைக்குத் தெரியலைன்னா வாங்கிட்டு வந்து, அந்த ரெண்டு பேர்லருந்தே ஆரம்பிங்க.